ஈரச் சுவருக்குக் கிடைத்த மதிப்பெண்

ரெய்னால்தோ அண்ணன் வீடு,
நியூயார்க் மாநிலத்தின் வடக்கே,
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள எவரில்டா அக்காவுக்கு,

தங்கை பெலிசிதா எழுதுகிறேன். கடிதத்தைக் கண்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே, யாருடைய உயிருக்கும் ஒன்றுமில்லை. என் மகள் சுல்மிக்கு மூச்சிழுப்பு குறைந்திருக்கிறது. உன் மகள் ஒனெய்டா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சொன்ன வேலையைச் செய்கிறாள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அண்ணன் வீட்டுக் கீழ்த்தளத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கிறோம். நான் இங்கே தும்மினால் மேலே இருந்து அண்ணி வாழ்த்துச் சொல்கிறாள். அந்த வீட்டில் உன் மகளைப் பற்றி உன்னிடம் எங்கே நின்று பேசுவது? நம்மூர் பாஸ்குவாலா தன் அம்மாவுக்கு முன்னோர் சடங்கு செய்ய அங்கே நம் சாம்போ கிரீக்குக்கு வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் மெஷினைத் திட்டு, என்னைத் திட்டாதே.

ஜூன் மாதம் எழுதிய அரசுத் தேர்வில் ஒனெய்டா ஆங்கிலத்தில் தேறவில்லை. கேள்வி கஷ்டம், கொஞ்சத்தில் போய்விட்டது என்று அவள் உன்னிடம் சொன்னாள். நடந்தது அதுவல்ல. அதைச் சொல்ல வேண்டுமானால் அவளுடைய பழைய பள்ளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நியூயார்க் நகரத்தில், பிராங்ஸில் அவள் படித்த அந்தப் பள்ளியைப் பற்றி நான் எத்தனை தரம் சொல்லியும் நீ நம்பியதில்லை. "பரீட்சை எழுதாம பள்ளிக்கூடப் பட்டம் குடுக்குறாங்களா? யாருகிட்ட கதை விடுறே?" என்று சிரிப்பாய். பரீட்சைதான் இல்லை அக்கா, கஷ்டம் இருந்தது. புதிதாக இந்த நாட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கான பள்ளி அது. அரசுத் தேர்வுக்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையும் நான்கு பெரிய வேலைகளைச் செய்து ஒரு கோப்பில் சேர்க்க வேண்டும். ஒரு கதையைப் பற்றிய கட்டுரை, ஒரு கணக்கு, ஒரு அறிவியல் சோதனை, ஒரு வரலாற்று ஆராய்ச்சி. மாதக்கணக்கில் திருத்தித் திருத்திச் செய்வார்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு குழுவின் முன்னால் நின்று நிலைநாட்ட வேண்டும். குழுவில் ஆசிரியர்கள் இருப்பார்கள், கூடப் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கும், பள்ளிக்குச் சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவர் கட்டாயம் இருப்பார். பிள்ளை என்ன சொன்னாலும் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து குடியேறியது. சோறு வெந்துவிட்டது என்றால் சுல்மி இடுப்பில் கை வைத்துக்கொண்டு "உனக்கு எப்படித் தெரியும்?" என்பாள். நான் கரண்டியில் எடுத்துக் காட்ட வேண்டும். ஒருநாள் கடவுள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அதற்கும் கேட்டாள். அன்றைக்கு மட்டும் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

சுல்மியின் இழுப்பைப் பார்த்துத்தான் ஒனெய்டா தன் அறிவியல் சோதனையைத் தேர்ந்தெடுத்தாள். குளியலறைச் சுவரில் பூத்திருந்த கறுப்புப் பூஞ்சை உனக்கு நினைவிருக்கும், வீடியோவில் காட்டியிருக்கிறேன். நாங்கள் துடைப்போம், அது திரும்ப வரும். வீட்டுக்காரனுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒனெய்டா பள்ளியிலிருந்து ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தாள். காலையும் மாலையும் ஒவ்வொரு சுவரிலும் அதைக் குத்திப் பார்த்து எழுதிவைப்பாள். டாக்டர் நாடி பார்ப்பதுபோல் அவ்வளவு அக்கறை.

குழுவின் முன் அவள் நின்ற நாளில் நானும் போனேன். வீட்டாரைக் கூப்பிடுவது அங்கே வழக்கம். மாதா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தேங்காய் ரொட்டி சுட்டு எடுத்துப் போனேன். வெளியாளாக வந்தவர் ஒரு கட்டட எஞ்சினியர். அவர் கேட்டார்: "சுவத்துக்கு உள்ளேதான் தண்ணி ஒழுகுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீங்க குளிக்கிற ஆவியா இருக்கலாமே?" உன் மகள் கொஞ்சமும் தடுமாறவில்லை. "நாங்க மூணு நாள் அங்க குளிக்கவே இல்ல சார். கதவைப் பூட்டி வெச்சேன். அப்பவும் ஈரம் ஏறுச்சு" என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "மூணு நாளும் எங்களைத் துண்டும் கையுமா கீழ்வீட்டு ஒலிம்பியா அம்மா கிட்ட விரட்டிட்டா!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த எஞ்சினியர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இருப்பதிலேயே உயர்ந்த மதிப்பெண் அவளுக்குக் கிடைத்தது. உனக்குப் போன் செய்தோம், நீயும் அழுதாய்.

அடுத்த வாரமே நகராட்சி ஆட்கள் வந்து சுவரை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே தளத்தைத் தாங்கும் மரமெல்லாம் பாலில் ஊறிய ரொட்டிபோல் விரலுக்கு உதிர்ந்தது. யாரும் குடியிருக்கக் கூடாது என்று வாசல் கதவில் சிவப்புத் தாளை ஒட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் மொத்தக் கட்டடமும் காலி. ஜனவரிக் குளிரில் எல்லாக் குடும்பங்களும் தெருவில் நின்றோம். கட்டடம் உண்மையிலேயே விழுந்திருக்குமா என்று ஒருவரைக் கேட்டேன். "நாளைக்கே விழலாம், பத்து வருஷமும் நிக்கலாம்" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒலிம்பியா அம்மா தன் பூச்சட்டிகளை நடைபாதையில் வரிசையாக வைத்துவிட்டு, அவற்றின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

எங்களை வீடற்றவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் போட்டார்கள். உள்தாழ்ப்பாள் இல்லாத கதவு. ஒனெய்டா அங்கிருந்து இரண்டு ரயில் மாறிப் பள்ளிக்குப் போய்வந்தாள். நான்கில் மூன்று வேலை முடிந்திருந்தது, வரலாறு ஒன்றுதான் பாக்கி. விடுதி என்று கேட்டதும் நீ பதறிப்போனாய். "வயசுப் பொண்ணை அந்த மாதிரி இடத்துல வெச்சிருக்கியா? ரெய்னால்தோ வீடு இருக்குல்ல, அங்க போங்க. எந்த ஊர்ல இருந்தாலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்தான்" என்றாய். எந்தத் தாயும் அதைத்தான் சொல்லியிருப்பாள். சுல்மி அந்த வயதில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போது ஒனெய்டா போனை வாங்கி, "உனக்கு எப்படித் தெரியும்மா?" என்று கேட்டாள். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவளையே எதிர்த்துப் பேசத்தான் அங்க சொல்லிக் குடுத்தாங்களா?" என்று போனை வைத்துவிட்டாய். அக்கா, அவள் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டாள். அந்தப் பள்ளியில் அது மரியாதை. ஒருவர் சொன்னதைப் பொருட்படுத்தினால்தான் அப்படிக் கேட்பார்கள். அன்றிலிருந்து நீ எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்று மட்டும் சொல்கிறாளே, கவனித்திருக்கிறாயா?

இங்கே வந்ததும் அவளுடைய கோப்பைத் தூக்கிக்கொண்டு இந்த ஊர்ப் பள்ளிக்குப் போனோம். மாணவர்களுக்கு வழிகாட்டும் அம்மா ஒருத்தி இருக்கிறாள். நல்லவள்தான், பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கா. ஆனா இது இங்க செல்லாது" என்றாள். தேர்வுக்குப் பதிலாகக் கோப்பு போதும் என்ற அனுமதி அந்தப் பள்ளிக்குக் கொடுத்ததாம், பிள்ளைக்குக் கொடுத்தது இல்லையாம். பள்ளி மாறினால் அதுவும் போய்விடுமாம். இங்கே எல்லோரையும் போல ஐந்து அரசுத் தேர்வும் எழுதித் தேறினால்தான் பட்டம். பழைய பள்ளிக்குப் போன் செய்தேன். "நகரத்துக்குள்ள ஒரு விலாசம் காட்டுங்க, இன்னைக்கே சேத்துக்கறேன்" என்றார் தலைமையாசிரியர். விடுதியில் எங்கள் இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எந்த விலாசத்தைக் காட்டுவது?

அதற்கும் அவள் கலங்கவில்லை. உட்கார்ந்து படித்தாள். ஜூனில் கணக்கில் தேறியும் விட்டாள். ஆனால் அதற்கு முன்பே, மார்ச் மாதம் ஒலிம்பியா அம்மா போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. விடுதியில் பிடித்த சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. உடலை நம்மூருக்கு அனுப்புமுன் பிராங்ஸில் கோயில் மண்டபத்தில் வைத்திருந்தார்கள். பஸ் பிடித்துப் போனோம். ஒனெய்டா தன் கையால் சுட்ட தேங்காய் ரொட்டியைத் தட்டில் ஏந்தி நின்றாள். ஒலிம்பியா அம்மாவின் மகள் யோலானி அவளைப் பார்த்துவிட்டாள். நம்மவர்கள் அத்தனை பேரும் இருக்கும்போதே சொன்னாள்: "உனக்குக் குளிக்க இடம் குடுத்தா எங்கம்மா. நீ அவ வீட்டையே புடுங்கிட்டே. இப்ப செத்துட்டாளே, இதுக்கு எத்தனை மார்க் போட்டாங்க உனக்கு?"

கொட்டு அடித்தவன்கூட நிறுத்திவிட்டான். தாயைப் பறிகொடுத்தவள் அவள், நான் அவளை என்ன சொல்ல? ஒனெய்டா தட்டை மேசையில் வைத்தாள். பெட்டியை ஒருமுறை தொட்டாள். வெளியே போய்விட்டாள். உனக்கு இதெல்லாம் தெரியாது. அதனால்தான் அங்கே அடக்கம் முடிந்ததும் "எவ்ளோ அழகா அனுப்பி வெச்சோம் பாரு" என்று கொட்டுச் சத்தத்தைப் பதிந்து அவளுக்கு அனுப்பினாய். அதைக் கடைசிவரை கேட்டாள் அக்கா. பிறகு எழுந்து போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

இனி தேர்வுக்கு வருகிறேன். போன வாரம் அந்த வழிகாட்டி அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். சரியான விடையைக் குறிக்கும் கேள்விகளில் ஒனெய்டா ஏறக்குறைய எல்லாம் சரியாகக் குறித்திருக்கிறாள். ஒரு விவாதத்தில் ஏதாவது ஒரு தரப்பை எடுத்துக்கொண்டு ஆதாரம் காட்டிக் கட்டுரை எழுத வேண்டிய தாளில் தன் பெயரை எழுதியிருக்கிறாள். மீதியெல்லாம் வெள்ளை. "அவளுக்கு இங்கிலீஷ் வராதுன்னு நெனச்சுடாதீங்க" என்றாள் அந்த அம்மா. எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்கு வந்து கத்தினேன். மேலே அண்ணி கேட்டால் கேட்கட்டும் என்று கத்தினேன். ஒனெய்டா சுல்மியின் சட்டைகளை மடித்துக்கொண்டே, "என்னால அப்படி எழுத முடியல சித்தி. ஆதாரத்தோட எழுதினா யாராவது வந்து பாப்பாங்க, அந்தச் சுவத்தை வந்து பாத்த மாதிரி" என்றாள். நானும் உட்கார்ந்து மீதிச் சட்டைகளை மடித்தேன்.

ஆகஸ்டில் மறுபடி தேர்வு இருக்கிறது. மற்றவற்றை அடுத்த வருஷம்கூட எழுதலாம், வயது இருக்கிறது. ஆனால் இவள் ஆகஸ்டுக்கு உட்கார மாட்டேன் என்கிறாள், பள்ளியிலிருந்தே பெயரை எடுத்துவிடப் போகிறாளாம். அண்ணன் தன் கிடங்கில் அவளுக்கும் பெட்டி அடுக்கும் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டான். அவன் நல்லதாக நினைத்துத்தான் செய்தான். நானும் அங்கேதான் அடுக்குகிறேன். அந்த வேலைக்கு அவளை அனுப்பவா நீ அவளை வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி இங்கே அனுப்பினாய்?

நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் மேல் தப்பில்லை என்று நான் சொன்னால் அது அவளிடம் ஒட்டவில்லை. நான் சித்தி, எப்படியும் அவள் பக்கம்தான் பேசுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

அதனால் ஒன்று கேட்கிறேன், செய். அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது தேர்வைப் பற்றிப் பேசாதே. படி என்று சொல்லாதே. அழாதே. அந்தச் சுவரைப் பற்றிக் கேள். உள்ளே நனைந்திருந்தது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேள். முதலில் முனகுவாள், விடாதே. கருவியைச் சொல்வாள், பூட்டிய கதவைச் சொல்வாள், துண்டோடு நாங்கள் கீழே போனதைச் சொல்வாள். அப்படியே ஒலிம்பியா அம்மாவிடம் வந்து நிற்பாள். அங்கே நீ அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். நீ அவளைப் பெற்றவள். ஒலிம்பியா அம்மாவின் குழியில் மண் போட்டவளும் நீ.

பாஸ்குவாலாவிடம் சுல்மியின் புகைப்படம் ஒன்று கொடுத்திருக்கிறேன். மாதாவும் நம் முன்னோரும் உன் வாசலில் காவல் நிற்கட்டும். உன் முட்டிவலி குறையட்டும். ஒலிம்பியா அம்மாவின் குழி மேல் ஒனெய்டாவின் பேரைச் சொல்லி ஒரு பூ வை.

ஒன்று மட்டும் மறக்காதே அக்கா. நீ என்ன சொன்னாலும் அவள் "உனக்கு எப்படித் தெரியும்மா?" என்று கேட்டாலும் கேட்பாள். கேட்டுவிட்டால், உன் காலில் விழுகிறேன், இந்த முறை போனை வைத்துவிடாதே.

உன் அன்புத் தங்கை,
பெலிசிதா