காணாமல் போன பேனா மூடி

வண்டியை எடுக்கும் முன் கண்ணாடியில் என் முகத்தைத் தேடும் பாசமுள்ள மாமாவுக்கு,

நான் ஏகாம்பரம். உங்கள் மனைவியின் தம்பி. விழுப்புரம் – திண்டிவனம் வண்டியில் பதினோரு வருடம் உங்களுக்குப் பின்னால் நின்று விசிலடித்த கண்டக்டர். உங்களுக்கு இரண்டாம் வருடத் திதி கொடுத்தாயிற்று. நினைவஞ்சலி போஸ்டர் ஒட்ட வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். போஸ்டரில் எழுத முடியாததை நான் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படித்துவிட்டு என்னைக் காறித் துப்பினாலும் சரி.

என் புத்தி உங்களுக்குத் தெரியும். சந்தேகப்படாமல் எனக்குச் சோறு இறங்காது. சீட்டில் ஒருவர் கண் அசந்தால் டிக்கெட் எடுக்காமல் நடிக்கிறார் என்பேன். ஐந்து வயது என்று சொல்லும் பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து உயரம் பார்ப்பேன். "இவன் பெத்த தாயையே டிக்கெட் கேப்பான்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பீர்கள். அந்தப் புத்தி ஒருநாள் உங்கள் பக்கம் திரும்பும் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள்.

பிரேக்கில்தான் ஆரம்பித்தது. டிரைவர் எல்லாரும் ஷூ போட்டே ஆக வேண்டும் என்று முதலாளி சொன்ன புதிது. அதுவரை வெறுங்காலால் பெடலை மிதித்து, மடியில் தூங்கும் குழந்தைகூட விழிக்காதபடி வண்டியை நிறுத்தியவர் நீங்கள். அந்த வருடம் விக்கிரவாண்டியில் ஒரு குலுக்கு, கூட்டேரிப்பட்டில் ஒரு குலுக்கு. நின்றவர்கள் மொத்தமும் என் மேல் வந்து சாய்ந்தார்கள். "இன்னா டிரைவரே, மல்லாட்ட மூட்டையா ஏத்திக்கினு போற?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு கடலை வியாபாரி கத்தினார். நீங்கள் திரும்பவில்லை. குனிந்து உங்கள் காலையே பார்த்தீர்கள். அதை நானும் பார்த்தேன்.

பார்த்தும் என்ன பிரயோஜனம்? நீங்கள் குடிக்கிறீர்கள் என்று முடிவு கட்டினேன். வாயில் எப்போதும் கிராம்பு வைத்திருந்தீர்கள். "சக்கரையில வாய் காஞ்சி போவுதுடா" என்றீர்கள். வாடையை மறைக்கத்தான் என்று நான் நினைத்தேன். டீ நீட்டும் சாக்கில் உங்கள் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. பலே கில்லாடி என்று சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருநாள் நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் வண்டியை மடக்கி உங்களை ஊதச் சொன்னார். மெஷினில் ஒன்றும் காட்டவில்லை. மெஷின் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? அக்காவிடம் போய் வத்தி வைத்தேன். "அக்கா, மாமா ஊத்திக்கினு வண்டி ஓட்டறாரு. நாப்பது அம்பது உசுரு பின்னால உக்காந்துக்கினு இருக்குது. சாயந்திரம் வந்தா வாய மோந்து பாரு." அவளும் மோந்து பார்த்தாள். அது போதாது என்று கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னாள். நீங்கள் வெறுங்கையால் கற்பூரத்தை அணைத்தீர்கள். மறுநாளிலிருந்து என்னோடு டீ குடிக்க வரவில்லை. என் விசிலுக்கு வண்டி நின்றது, விசிலுக்குக் கிளம்பியது. நமக்குள் வேறு பேச்சே இல்லை.

என் பேனா மூடி காணாமல் போனது அந்த மாதத்தில்தான். விழுப்புரத்தில் காலை நடை கிளம்பும் முன் ஷூவைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு நீங்கள் முகம் கழுவப் போயிருந்தீர்கள். நான் உங்கள் சீட்டில் உட்கார்ந்து டிரிப் ஷீட் எழுதினேன். நீங்கள் வந்து, சாக்ஸ்கூட இல்லாமல், குனியாமலே ஷூவுக்குள் காலை நுழைத்தீர்கள். முண்டியம்பாக்கம் தாண்டி என் சட்டைப் பையில் மை கசிந்த பிறகுதான் பேனாவில் மூடி இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

விடுவேனா நான்? பேங்க் ஃபாரம் எழுதப் பேனாவை இரவல் வாங்கிய ஒரு பயணி அம்மாவின் பையைத் திறக்கச் சொன்னேன். அவர் என்னை வாய்க்கு வந்தபடி வைதார். கடைசியில் உங்களிடமே வந்து கேட்டேன். "மாமா, என் பேனா மூடியப் பாத்தீங்களா?"

"அத எடுத்து நான் இன்னாடா பண்ணப் போறேன்?" என்றீர்கள். சத்தியத்துக்குப் பிறகு என்னிடம் நீங்கள் பேசிய முதல் வார்த்தை அது. லேசாகச் சிரித்தீர்கள்கூட. வலது கால் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வண்டிக்குள் ஒரு வாடை. மரக்காணத்து மீன்கூடையை யாரோ எனக்குத் தெரியாமல் ஏற்றியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் தேடினேன். உங்கள் சீட்டுக்கு அடியில் மட்டும் தேடவில்லை. திண்டிவனத்தில் காய்ச்சலோடு ஸ்டியரிங்கில் நீங்கள் சாய்ந்த அன்றுதான் உங்கள் கால் எங்கள் கண்ணில் பட்டது. "சும்மா கொப்புளம்டா, காலையில கழுவிட்டுத்தான் போட்டேன்" என்றீர்கள். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். இருபது நாளில் நீங்களும் போய்விட்டீர்கள்.

உங்கள் ஷூவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். வலது ஷூவைக் கவிழ்த்து உதறினேன். நுனியில் சிக்கியிருந்த என் நீல மூடி விழுந்தது. நசுங்கி, கிளிப் ஒடிந்து, ஒடிந்த இடம் பிளேடு மாதிரி இருந்தது. யாருக்கும் காட்டவில்லை. "ஆணி குத்திக்கினு இருந்துச்சாம்" என்று அக்காவிடம் பொய் சொல்லிவிட்டு, மூடியை என் பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். செத்த பிறகும் உங்களைச் சந்தேகப்பட்டேன். எட்டு நாள் அதன் மேல் காலை வைத்து மிதித்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? என் மேல் இருந்த கோபத்தில், வீம்புக்குப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டீர்களோ? என்னைத் தண்டிக்கத்தான் செத்தீர்களோ? இரண்டு வருடம் இப்படி நினைத்து நினைத்து உங்கள் படத்தை நிமிர்ந்து பார்க்காமல் இருந்தேன்.

போன மாதம் அதற்குப் பதில் கிடைத்தது. எனக்கும் சர்க்கரை வந்து நாலு வருடமாகிறது. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரைக்காரர்களுக்குக் கால் பார்க்கும் முகாம் போட்டிருந்தார்கள். தட்டு மாதிரி ஒரு மெஷின் மேல் நடக்கச் சொன்னார்கள். என் பாதம் திரையில் விழுந்தது. கட்டைவிரலுக்குக் கீழே மட்டும் ரத்தச் சிவப்பு. நின்றே வேலை பார்க்கிற உடம்பின் பாரமெல்லாம் அங்கேதான் இறங்குகிறதாம். தொட்டுப் பார்த்தால் தோல் காய்த்துக் கிடந்தது.

பிறகு ஒரு நர்ஸம்மா தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழையை எடுத்துக்கொண்டு வந்தார். "கண்ண மூடிக்குங்க. நான் தொடும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க." கண்ணை மூடினேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தொடவே இல்லை. தொடாமலேயே தொட்டதாக எழுதிக்கொண்டு ஆளைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். ஒரு கண்ணை லேசாகத் திறந்தேன்.

அந்த இழை என் கட்டைவிரலுக்குக் கீழே வளைந்து நின்றது, மாமா. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"ஏம்மா, நெசமாவே தொடுறியா?" என்றேன்.

"அழுத்திக்கினுதாங்க இருக்கேன்" என்றார்.

அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கால் போய்விடுமோ என்று பயந்து அழுகிறேன் என அவர் நினைத்துவிட்டார் போல. "வலிச்சா நீங்களே நொண்டுவீங்க, கால மாத்தி வெப்பீங்க. வலிக்காத காலுதான் அதே எடத்துல மிதிச்சி மிதிச்சி புண்ணாவும். வெறுங்காலோட நடக்காதீங்க. ஷூ, செருப்பு எதுனாலும் உள்ள கைய வுட்டுத் தடவிப் பாத்துட்டுப் போடுங்க. பாரம் பரவுற மாதிரி மெத்துனு அடி வெச்ச செருப்பு எழுதித் தர்றேன்" என்றார். காலால் பெடலைத் தேட முடியாமல்தான் நீங்கள் குனிந்து கண்ணால் தேடியிருக்கிறீர்கள். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

பீரோவிலிருந்து மூடியை எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போனேன். அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அறைவாள் என்று காத்திருந்தேன். அவள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வாய மோந்து பாருன்னு சொன்ன, மோந்து பாத்தேன்" என்றாள். "கால ஒருக்கா திருப்பிப் பாருன்னு நீயும் சொல்லல. எனக்கும் தோணலியேடா, ஏகா."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அவள் அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் காலக் காட்டு" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"அவரும் அதத்தான் சொன்னாரு. உன் பேச்ச எவ நம்புவா? காலக் காட்டுடா."

காலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, செல்போன் லைட்டை அடித்து, ஒவ்வொரு விரலிடுக்காகப் பிரித்துப் பார்த்தாள். இப்போது தினமும் சாயந்திரம் டியூட்டி முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய்க் காலைக் காட்டிவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போகிறேன். அவளுக்கு என் மேல் கோபம் போய்விட்டதா? தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

நம் வண்டிக்குப் புது டிரைவர் வந்திருக்கிறார். தினமும் காலையில் அவர் ஷூவுக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். "இன்னாண்ணே, இன்னா பேஜாரு இது? ஜல்தியா விசில் அடி" என்று சலித்துக்கொள்கிறார். அவருக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்கிறார். நான் நம்பவில்லை. முந்தாநாள் விக்கிரவாண்டியில் ஒரு குலுக்கு குலுக்கினார். வருகிற வாரம் லீவு போட்டு அவரைக் கையோடு டெஸ்டுக்கு அழைத்துப் போகிறேன்.

என் பையில் இப்போது இருப்பது அமுக்கினால் எழுதும் பேனா. அதற்கு மூடி கிடையாது. உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாமா. சந்தேகப்படுவதை என்னால் விட முடியாது. ஆனால் சாகும்வரை இன்னொருவர் வாயை மோந்து பார்க்க மாட்டேன். வண்டி குலுங்கினால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையாலேயே ஷூவைக் கழற்றிக் காலைப் பார்ப்பேன்.

நீங்கள் சத்தியம் செய்தும் உங்களை நம்பாத,
உங்கள் மச்சினன்
ஏகாம்பரம்