எட்டாம் கட்டிலின் கோபம்

பிப்ரவரி 3

ஏழாம் கட்டில் அண்ணனுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று தெரியும். எனக்கு எரிச்சலே அதுதான். நான் நலமில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தபோது பெருங்குடல் புண் நம் இருவரையும் ஒரே மாதிரிதான் படுத்தியது. ஒரே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். ஆகஸ்டில் மாத்திரையை நிறுத்திவிட்டதாக எழுதினீர்கள். "கல்லைத் தின்றாலும் செரிக்கிறது தம்பி" என்றீர்கள். உங்களைப் பார்த்து நவம்பரில் நானும் நிறுத்தினேன். இப்போது மறுபடியும் ரத்தம், வலி, வயிற்றோட்டம்.

நான் ஓட்டும் கிரேனின் கூண்டு முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏணியில் இறங்கவே பத்து நிமிடம். போன செவ்வாய்க்கிழமை பாதி ஏணியில் என்னால் அடக்க முடியவில்லை. கீழே அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் எழுத மாட்டேன். மேஸ்திரி மட்டும் தன் சட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டார். மறுநாளிலிருந்து என்னைக் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மாத்திரையை விட்டது உங்களுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொண்டது? அப்படி என்னதான் சாப்பிடுகிறீர்கள்? போனில் பேசினால் வீடே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் கட்டில்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

கடிதம் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. காரத்தைக் குறை. நன்றாக மென்று தின்னு. கவலைப்படாதே, கவலைதான் குடலைக் கெடுக்கிறது. சலூனில் ஒரே கூட்டம், கத்தரிக்கோலைக் கீழே வைக்க நேரமில்லை. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

அன்புடன்,
ஏழாம் கட்டில்

பிப்ரவரி 16

அண்ணனுக்கு,

காரத்தை விட்டு இரண்டு மாதமாகிறது. மென்று மென்று தாடைதான் வலிக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு உபயோகமாக ஒரு வரி கூட இல்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்கிறார் டாக்டர். "யாரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினீங்க?" என்று கத்தினார். இன்னும் தள்ளிப்போட்டால் குடலையே வெட்டி எடுக்க வேண்டி வருமாம். வீட்டுக்காரி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பையை மட்டும் கட்டி வாசலில் வைத்திருக்கிறாள். நான் போவதாக இல்லை. உங்கள் உடம்பால் முடிந்தது என் உடம்பால் முடியாதா?

எட்டாம் கட்டில்

பிப்ரவரி 19

தம்பி,

இதைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பு. மீதியை வண்டியில் படி.

நலம் நலம் என்று நான் எழுதிக்கொண்டிருந்தது பொய். மாத்திரையை விட்டு இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தேன். அக்டோபரில் திரும்ப வந்துவிட்டது. ஒருவரைப் பாதி சவரத்தில் விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது நுரை காய்ந்த முகத்தோடு அவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். சலூனைப் பூட்டி மூன்று மாதமாகிறது. மாத்திரையை டிசம்பரிலேயே மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

வீட்டில் நான் நோயாளி. தெருவிலும் நோயாளி. உனக்கு எழுதும்போது மட்டும்தான் தேறிய மனிதனாக இருந்தேன். அதை விட்டுவிட மனசு வரவில்லை. என்னைப் பார்த்து நீயும் நிறுத்துவாய் என்று நினைக்கவே இல்லை. தெரிந்த பிறகும் மென்று தின்னச் சொன்னேன் பார், அந்த வெட்கம் என்னைத் தின்கிறது. போய்ச் சேர்ந்துகொள்.

ஏழாம் கட்டில்

மார்ச் 2

அண்ணனுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். திங்கட்கிழமை நான் போகவில்லை. உங்கள் கடிதம் புதன்கிழமைதான் வந்தது, அன்று சாயங்காலமே சேர்ந்தேன். ஊசி போடுகிறார்கள், மாத்திரையும் போடுகிறேன். கத்தி வைக்க வேண்டியிருக்குமா என்று இன்னும் சொல்லவில்லை. கிரேனை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ரத்தத்தைக்கூட மறந்துவிடுவேன். மூன்று மாதமாக, அண்ணனால் முடிந்தது என்னால் முடியவில்லையே என்று என் உடம்பை நானே திட்டித் தீர்த்தேன். அதைத்தான் மறக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்லி வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "இவரை யாராவது பாத்துக்கறாங்களா?" என்று கேட்டாள். அதை உங்களிடமே கேட்கிறேன்.

இனி நலம் என்று எனக்கு எழுதாதீர்கள். எனக்கு இன்று ஒன்பது முறை ஓட்டம். உங்களுக்கு எத்தனை?

எட்டாம் கட்டில்