டீச்சர் சேலை, ஆயா சேலை

புதுச் சேலையின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது, ஆயாம்மா. ராஜபாளையம் கடைவீதியில், போன வருடம் வந்த அதே துணிக்கடையில் இன்று சாயங்காலம் நின்றிருந்தேன். எங்கள் பள்ளியின் பெயரைச் சொன்னதுமே கடைக்கார அண்ணாச்சி இரண்டு கட்டுகளைத் தூக்கி மேசையில் போட்டார். "இந்தப் பக்கம் டீச்சர் சேலை, அந்தப் பக்கம் ஆயா சேலை. பாத்து எடும்மா" என்றார். இரண்டும் ஒரே பருத்திதான், நிறம் மட்டும்தான் வேறு. நெய்த தறிக்குத் தெரியாத வித்தியாசம் அவருக்கு எப்படித் தெரிந்தது? பள்ளியிலிருந்து போனில் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளி வழக்கம் உங்களுக்கே தெரியும். ஆசிரியர் தினத்துக்கு மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து டீச்சர்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலை எடுப்போம். அடுத்த திங்கட்கிழமை எல்லோரும் அதைக் கட்டி வந்து படிக்கட்டில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆயாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு டப்பா. அதையும் மேடையில் தரமாட்டோம். விழா முடிந்து நீங்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருத்தி ஓடிவந்து கையில் திணித்துவிட்டுப் போவாள். நாற்காலியைக் கீழே வைக்கவா, டப்பாவை வாங்கவா என்று தெரியாமல் ஒருமுறை நீங்கள் அதைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் போன வருடம் வகுப்பில் எழுந்து நின்று, ஆயாம்மாவுக்கும் அதே சேலைதான் எடுக்க வேண்டும் என்றேன். "இது டீச்சர்ஸ் டேடி, ஆயாஸ் டே இல்ல" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள். "நீ வாந்தி எடுத்த அன்னைக்கு ஒன்னையத் தாங்கிப் பிடிச்சது எந்த டீச்சரு?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை உங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்று உங்களிடமே சொல்லத் தோன்றுகிறது. வன்னியம்பட்டி பஸ்ஸிலிருந்து கிளிப்பச்சைச் சேலையில் இறங்கினீர்கள். டீச்சர்களைப் போலவே மடிப்பு எடுத்துத் தோளில் பின் குத்தியிருந்தீர்கள்.

"எம்புட்டு நல்லாருக்கு ஆயாம்மா!"

"இருக்காதா பின்ன? ஏட்டி, கணக்குல ஒனக்கு எம்புட்டு மார்க்கு? சொல்லு. கொறைஞ்சுதுன்னா முட்டி போட வைக்கேன்."

அன்றைக்குத்தான் தேவதானத்திலிருந்து அந்த அப்பா வந்தார். சின்ன வகுப்புப் பிள்ளையின் அப்பா. வராந்தாவில் உங்களைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். "டீச்சர், எம்மவ எப்படிப் படிக்கா?" என்றார். நீங்கள் விளக்குமாற்றை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனீர்கள்.

"நல்லாப் படிக்கா. சோத்தைத்தான் மிச்சம் வைக்கா. வீட்ல செத்த சொல்லி வைங்க."

அவர் நிம்மதியாகப் போனார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றிருந்த எங்கள் வகுப்பு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே உங்களுக்கு நீல ஓவர்கோட் வந்துவிட்டது. எந்தச் சேலை கட்டினாலும் அதற்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும் என்றார்கள். "பேரண்ட்ஸ் வந்தா டீச்சர் யாரு, ஆயா யாருன்னு தெரிய வேண்டாமா?" என்று வகுப்பு டீச்சர் எங்களிடமே விளக்கம் சொன்னார். அதே விழாவில் கணக்கு சாருக்கும் வாட்ச்மேன் தாத்தாவுக்கும் ஒரே மாதிரி வேட்டி கொடுத்திருந்தோம். இருவரும் அதைக் கட்டி வந்தார்கள். அவர்களில் யார் சார் என்று ஒருவருக்கும் குழப்பம் வரவில்லை.

குழாயடியில் நின்று உங்களிடம் சண்டை போட்டேன். போடமாட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன். நீங்கள் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே பதில் சொன்னீர்கள்.

"சண்ட போட ஒனக்கு நேரமிருக்கு. எனக்கு ரெண்டு மாடி கூட்டணும். பொறவு இங்க பாரு, இந்தக் கோட்டுல பை இருக்கு. ஒங்க டீச்சர் சேலையில உண்டுமா?"

பைக்குள் கையை விட்டு ஆட்டிக் காட்டினீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று உங்கள் மீதும் கோபம் வந்தது. அது இன்னும் ஆறவில்லை. அந்தப் பச்சைச் சேலையைப் பிறகு நீங்கள் பள்ளிக்குக் கட்டி வரவே இல்லை. கோட்டுக்குள் ஒளித்துக் கட்ட எதற்கு நல்ல சேலை என்று நினைத்தீர்களோ என்னவோ. நான் கேட்கவில்லை.

மார்கழியில் காய்ச்சலில் படுத்தீர்கள். பொங்கலைப் பார்க்காமலே போய்விட்டீர்கள்.

வன்னியம்பட்டியில் உங்கள் வீட்டுக்குப் பள்ளி வேனில் வந்தோம். உங்கள் மகள் அந்தக் கிளிப்பச்சைச் சேலையைத்தான் உங்களுக்குப் போர்த்தியிருந்தார். தலைமை ஆசிரியை அதன் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு மாலை போட்டார். எங்கள் வகுப்பு டீச்சர் உங்கள் காலடியில் உட்கார்ந்து அழுதார். அது பொய் அழுகை இல்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன். அதனால்தான் என் கோபம் இன்னும் கூடியது. அந்தப் பச்சைக்கு மேல் கோட்டைப் போடச் சொல்லி அன்று ஒருவரும் கேட்கவில்லை. எழுந்து நடமாட முடியாதவருக்கு டீச்சர் சேலை பொருத்தமாக இருக்கிறது போல.

இந்த வருடம் சேலை எடுக்கும் பொறுப்பு என்னுடையது. வகுப்பு டீச்சர் போன வாரம் என்னைக் கூப்பிட்டார்.

"போன வருசம் மாதிரி கொழப்பம் வேண்டாம்மா. டீச்சருக்கு ஒரு கலர், ஆயாவுக்கு ஒரு கலர். ரெண்டும் ஒரே விலைதான். இதுல யாருக்கு என்ன குறைச்சல்?"

"விலை ஒண்ணுன்னா கலர் ஏன் டீச்சர் வேற?"

"நீ ரொம்பப் புத்தகம் படிக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்ட அந்தக் குறைச்சலைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். குறைச்சல் இல்லாதபடி விலையைச் சமமாக வைத்துவிட்டு, குறைச்சல் தெரியும்படி நிறத்தைப் பிரிப்பது எந்த ஊர் நியாயம்?

உங்கள் இடத்துக்கு சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு அக்கா வந்திருக்கிறார். உங்கள் கோட்டைத்தான் போட்டிருக்கிறார். அவருக்கு அது தொளதொளவென்று இருக்கிறது. இன்று காலை அவர் தண்ணீர் டிரம்மைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, சேலை என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கா? எதுன்னாலும் சரி பாப்பா. டீச்சர்மார் சேலை மட்டும் வேண்டாம். போன ஆயாவுக்கு ஆனது கேள்விப்பட்டேன்."

"அது கெடக்கட்டும்க்கா. ஒங்களுக்குப் பிடிச்ச கலரு எது?"

அவர் ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டார். "மாம்பழக் கலரு" என்றார். "கல்யாணத்துக்குக் கேட்டேன். எடுத்துக் குடுக்கல."

கடையில் நான் இரண்டு கட்டுகளையும் தள்ளி வைத்தேன். "அண்ணாச்சி, எல்லாத்தையும் மாம்பழக் கலர்ல குடுங்க. ஒரே கட்டாக் கட்டுங்க."

"டீச்சரம்மாக்க ஒத்துக்கிட்டாகளா?"

"இல்ல."

"திட்டு வாங்கப் போற பாப்பா."

"வாங்கிக்கிடுதேன்."

இப்போது அந்தக் கட்டு என் மேசையில் இருக்கிறது. அறையெல்லாம் கஞ்சி வாசம். கடைசியில்கூட யாரும் விருப்பம் கேட்காத ஆயாவை இந்த முறை முதலில் கேட்டாகிவிட்டது. பிடிக்காத டீச்சர்கள் கட்டாமல் இருக்கட்டும். யார் கட்டவில்லை என்பதைப் போட்டோவில் எல்லோரும் பார்க்கட்டும். அக்காவின் சேலைக்கு மேல் மறுபடி கோட்டைக் கொண்டுவருவார்கள், தெரியும். டீச்சர் யார், ஆயா யார் என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்கான பதிலைத்தான் இத்தனை மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன், ஆயாம்மா. இந்த முறை வகுப்பு டீச்சரிடம் நேராகவே சொல்லிவிடுவேன்:

"வன்னியம்பட்டியில கோட்டு இல்லாமலே ஒங்களுக்குத் தெரிஞ்சுதே, டீச்சர்."