பேப்பர் கப்

ஐப்பசி 9, ஞாயிறு.

காலையில் தியான வகுப்பில் நான்தான் பேசினேன். மனிதன் பிறந்ததே மனத்தை வளர்த்துக்கொள்ளத்தான் என்று நாற்பது நிமிடம். கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது, சாக்கடை அடைப்பை எடுத்து முடித்த மாரிமுத்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். ஆவணியில் கல்யாணமாகி வந்த மருமகள் அவருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்தாள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“அவருக்குப் பேப்பர் கப் இருக்குது பாரு, அம்மணி.”

அவள் விளங்காமல் நின்றாள். மாரிமுத்துதான் சிரித்துக்கொண்டே என்னைக் காப்பாற்றினார். “அதுலயே ஊத்துங்க அம்மணி. உங்களுக்குக் கழுவற வேலை மிச்சமுங்க.”

குடித்துவிட்டு, கப்பைக் கசக்கித் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனார். மருமகள் அதன்பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நாளில் தோட்டத்தில் அப்பா மாரிமுத்துவின் சனங்களுக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றுவார். அது கேவலம் என்று அவரோடு சண்டை போட்டவன் நான். பிறகு பேப்பர் கப் வாங்கிவந்து, அதற்குச் சுத்தம் என்று பெயர் வைத்தவனும் நானே. ஒரு தலைமுறையில் வளர்ந்தது இவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறும் நானே பேச வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.