முதல் இலை வெளியாளுக்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

ஜெயித்துவிட்டேன் அம்மா. ஆலயப் பண்டிகை அசனத்தில் இனிமேல் சபையாருக்கு மட்டும்தான் சாப்பாடு என்று கமிட்டி முடிவெடுக்கப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன்.

"பஞ்ச காலத்தில வழிப்போக்கருக்குக் கஞ்சி ஊத்தித்தான் இந்தச் சபையே உண்டாச்சு. முதல் இலை வெளியாளுக்குத்தான். அதை மாத்த நீங்க யாருப்பா?"

செயலாளர் ஞானதுரை சிரித்தான். "பெரியப்பா, மருமகனையே வெளியாளுன்னு இம்புட்டு வருசமா வீட்டு வாசல்ல ஏத்தல. நீங்க ஊருக்கு இலை போடப் போறீகளாக்கும்."

கூட்டம் முழுக்கச் சிரிப்பு. இருந்தும் என் பக்கம்தான் அதிகம் பேர் கை தூக்கினார்கள்.

சபையில் மூத்தவன் என்பதால் வருகிற ஞாயிறு முதல் இலைக்கு நான்தான் பரிமாற வேண்டும். உன் வீட்டுக்காரரைத் தறியை நிறுத்திவிட்டுச் சின்னாளபட்டியிலிருந்து காலையிலேயே கிளம்பச் சொல். நீயும் வா. அவர் ஆட்டுக்கறி சாப்பிடுவார்தானே? எதற்கும் சாம்பாரும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் கல்யாணத்தைப் பற்றி நான் சொன்ன எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. இது சபை வழக்கம், அவ்வளவுதான். திண்டுக்கல்லில் வெளியாளுக்கா பஞ்சம் என்று ஞானதுரை கேட்பான். கேட்கட்டும். அவர் வந்து உட்காரும்வரை சோற்று அண்டாவைத் திறக்க விடமாட்டேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அப்பா