வாளியில் இருக்கும் கடைசிப் பூ

என் தங்கமே, எங்க வீட்டு மீன்காரா, ராசு,

நல்லா இருக்கியான்னு கேக்க வாய் வருது. கேட்டா நீ சிரிப்ப. அதனால இங்க உள்ள சேதிய மொதல்ல சொல்லிடுறேன். தொரை நல்லா இருக்கு. கணக்கப்புள்ள செத்துப் போச்சு.

இத வாசிக்கிற வெளி ஆளுங்க நம்ம தேயிலைத் தோட்டத்துத் தொரையும் கணக்கப்புள்ளயும்னு நெனச்சிடப் போறாங்க. அவங்களுக்காகச் சொல்றேன், அது ரெண்டும் என் தம்பி கொண்டாந்த மீனுங்க. ஆரஞ்சு ஒடம்புல வெள்ளப் பட்டை போட்ட கடல் மீனு. பெருசு எந்நேரமும் அதட்டிக்கிட்டே திரியும், அதுக்குத் தொரைன்னு பேரு வச்சான். சின்னது அது பின்னாலயே தலைய ஆட்டிக்கிட்டுப் போகும், அது கணக்கப்புள்ள. டிக்கோயாவுக்கு மேல, லயத்துக் காம்பராவுக்குள்ள, ரெண்டடிக் கண்ணாடித் தொட்டியில கடலக் கொண்டாந்து வச்ச ஒரே ஆளு நீதான்டா.

எவ்வளவு கேலி பண்ணினாங்க! "நமக்குக் குடிக்கத் தண்ணி ஒழுங்கா வரல, இவன் மீனுக்கு உப்புத் தண்ணி கரைக்கிறான்"னு. நீ காதுலயே போட்டுக்கல. நீர்கொழும்புல தொட்டி மீனப் பையில பொதி பண்ணுற வேலைக்குப் போன ஆளு, லீவுக்கு வர்றப்பல்லாம் உப்புப் பாக்கெட்டும் சூடாக்குற குழாயுமா வந்து எறங்குவ. கரண்டு போனா தொட்டியச் சுத்தி அம்மாவோட கம்பளியப் போத்தணும்னு சொல்லிக் குடுத்த. இன்னிக்கும் போத்துறோம். மழைக்குக் கொழுந்து எடுக்கப் போகையில எனக்குக் கம்பளி இல்ல, ஒன் மீனுக்கு இருக்கு.

ஒன்ன அனுப்புனது நான்தான். "மலையிலயே கெடந்து மக்கிப் போகாதடா, போ"ன்னு கழுத்தப் புடிச்சுத் தள்ளாத கொறையா அனுப்புனேன். பொதி பண்ணிக்கிட்டு இருந்தவன் எப்பப் படகுல ஏறுன, எப்பத் தண்ணிக்குள்ள எறங்கப் பழகுன, எங்கிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா திட்டியிருப்பேன், அதானே?

மீன் புடிக்க முங்குனவன் மேல வரல, ரெண்டு நாள் கழிச்சுத்தான் கடல் ஒன்னத் திருப்பிக் குடுத்துச்சு. பெட்டியத் தெறக்கக் கூடாதுன்னுட்டாங்க. அம்மா பெட்டி மேல கைய வச்சுக்கிட்டு, அடையாளம் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. "நீ பாத்தியா? உள்ள இருக்கிறது சின்னவன்தானா?" நான் ஆமான்னேன்.

ஒன்னோட வேல செஞ்ச சிங்களப் பையன் நிஹால் ஒரு வாரங்கழிச்சு ஒஞ் சாமானெல்லாம் தூக்கிக்கிட்டு வந்தான். உடுப்புப் பை ஒண்ணு, அப்புறம் ஒன் ரூம்ல வாளியில கெடந்த ஒரு கல்லு. நம்ம தொட்டிக்குன்னு நீ எடுத்து வச்சதாம். ஓட்ட ஓட்டையா, ஒரு தேங்கா அளவுக் கல்லு. அதுல ஒரு ஓரத்துல என்னமோ சின்னதா, பழுப்பு நெறத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"புதுக் கல்லு எதையும் ஒரு மாசம் தனி வாளியில வச்சுப் பாக்கணுங்கா. அதுல என்ன சனியன் ஒட்டிக்கிட்டு வருதோ தெரியாது"ன்னு நீ எத்தன தடவ சொல்லியிருக்க. எனக்கு அதெல்லாம் எங்க ஞாபகம்? ஒங் கை கடைசியாத் தொட்ட கல்லு. நேரா தொட்டிக்குள்ள வச்சேன்.

கருமாதி அன்னிக்குப் படையல் போட்டோம். ஒனக்குப் புடிச்ச நெத்தலிப் பொரியல், ரொட்டி, கட்டச் சம்பல். வெளிய எலையில வச்சுட்டு அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துச்சு. ஒரே மூடுபனி. ஒரு காக்காகூட வரல. அம்மா மூஞ்சி செத்துப் போச்சு. எலைய எடுத்துக்கிட்டு உள்ள வந்து தொட்டிப் பக்கம் திரும்பினா, ஒங் கல்லுல பூ விரிஞ்சிருக்கு. கண்ணாடி மாதிரி மெல்லுசா நூறு இதழு, தண்ணியில ஆடுது.

அம்மா கிட்டப் போய் கைய நீட்டுச்சு. பூவு சட்டுனு சுருங்கிக் கல்லுக்குள்ள போயிருச்சு.

"சின்னவன்தான். ஆளக் கண்டா உள்ள ஓடுறான் பாரு"ன்னுச்சு அம்மா.

ஞாபகம் இருக்கா? வெளி ஆளு வந்தா நீ கட்டிலுக்கு அடியில பூந்துக்குவ. தோட்டத்துல வேல வாங்குற கண்டாக்கு ஐயா ஒரு தடவ ஒன் காலப் புடிச்சு இழுத்தாரு. பூவு சுருங்குனப்ப எனக்கும் நீதான்னு தோணிப் போச்சுடா. இல்லன்னு சொன்னா பொய்யி.

அன்னிலேருந்து காக்காவுக்கு வைக்க வேண்டிய படையல் தொட்டிக்குள்ள போச்சு. தெனமும் ரெண்டு நெத்தலிய நுணுக்கி, "சாப்புட்றா சாமி"ன்னு அம்மா போடும். பூவு இதழால புடிச்சு உள்ள இழுத்துக்கும். லயமே வந்து பாத்துச்சு. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு அஞ்சாச்சு. ஒருத்தி குங்குமங்கூடக் கொண்டாந்து கண்ணாடியில வச்சுட்டுப் போனா. எந்த ஊர்ல நடக்கும் இந்தக் கூத்து?

ஆனா தொட்டிக்குள்ள நீ ஒரு பச்சப் பவளம் ஒட்டி வச்சிருந்தியே, அது வாடிக்கிட்டே வந்துச்சு. பூவு ஒரசுற பக்கமெல்லாம் வெள்ளையாச்சு. கணக்கப்புள்ள மூலையில ஒதுங்கி நின்னுச்சு, வாலு ஓரம் பிஞ்சு போயிருந்துச்சு. நான் போன்ல படம் புடிச்சு நிஹாலுக்கு அனுப்புனேன். ஒடனே கூப்பிட்டான்.

"ஏவா மல் நெவேய் அக்கே!"

பூ இல்லயாம். பூ மாதிரி இருக்கிற கடல் பிராணியாம். இதழெல்லாம் கொட்டுற வெஷமாம். தீனி கூடுனா இதுவும் கூடும், விட்டா தொட்டியையே மூடிடும், மீனும் மிஞ்சாதுன்னான். இதைத்தான் நீ வாளியில வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தியா? தெரிஞ்சேதான் வச்சிருந்தியா?

அவன் மேல சொல்ல வந்ததக் கேக்காம நான் போன வச்சுட்டேன். புல்லு சுரண்டத் தெரியாதவளா நான்? பதினெட்டு வயசுலேருந்து தேயிலைக்கு அடியில சுரண்டி புடிச்ச கையி. அம்மா கிளினிக்குக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போன நாளாப் பாத்து, கல்லத் தூக்கிப் பேசின்ல வச்சு, சுரண்டி முனையால சுரண்டு சுரண்டுன்னு சுரண்டுனேன். அதே தண்ணியில அலசி, கல்ல உள்ள வச்சு, அலசுன தண்ணியையும் வீணாக்காம தொட்டியிலயே ஊத்துனேன். உப்பு வெல வச்ச தண்ணியாச்சே.

வேலியில போன ஓணானப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதைதான்! பிஞ்சு போன ஒவ்வொரு துண்டும் ஒரு பூவாச்சு. மூணாவது வாரம் கல்லு, கண்ணாடி, தண்ணி இழுக்குற குழாய், எல்லா எடத்துலயும் பழுப்புப் பூவு. அம்மாவுக்கு ஒரே சந்தோசம். "ஒண்ணுக்கு நூறா வந்துட்டான் பாத்தியா"ன்னு சிரிச்சுச்சு. ராசு, நான் அடுப்படியில போய் நின்னு வாயப் பொத்திக்கிட்டேன். பயந்து போனேன்டா. நீயே கோவிச்சுக்கிட்டு வந்து நிக்கிறியோன்னு பயந்துட்டேன்.

திரும்ப நிஹாலக் கூப்பிட்டு உண்மையச் சொன்னேன். தலையில அடிச்சுக்கிற மாதிரி அவங்கிட்டேருந்து ஒரு "அனே அக்கே". அத வெட்டவோ சுரண்டவோ கூடாதாம், திங்கிற ஆள விடணுமாம். ஒரு ஓடில்லாத நத்த இருக்காம், அது இத மட்டுந்தான் திங்குமாம், தின்னு முடிச்சா பட்டினியில அதுவும் செத்துருமாம். அது லேசுல கெடைக்காது. ஒரு வண்ணாத்திப்பூச்சி மீனும் திங்குமாம், ஆனா பவளத்தையும் சேத்து மேஞ்சிடும், நம்ம தொட்டியும் அதுக்குப் பத்தாது. செவப்புக் கோடு போட்ட ஒரு சின்ன எறால் இருக்கு, அதான் சரின்னான்.

மூணு எறால அவனே கொண்டாந்தான், பாவம். ரயிலு வட்டவளையில நின்னு போச்சாம். குளுர்ல எறால் செத்துரும்னு பைய பனியனுக்குள்ள போட்டுக்கிட்டு வந்தான். "டிக்கெட் பாக்குற மாத்தயா என் வயித்தையே பாத்தாரு அக்கே"ன்னு சொல்லிச் சிரிக்க வச்சான். தேத்தண்ணி குடிச்சுட்டு, அவனுக்குத் தெரிஞ்ச ஓட்டத் தமிழ்ல அம்மாகிட்ட வெளங்கப்படுத்துனான்.

"அம்மா, இது நல்லது. இது பூ எல்லாம் சாப்பிடும்."

அம்மா அந்தப் பையக் கையில வாங்கிப் பாத்துச்சு. எறால் காலையெல்லாம் ஆட்டிக்கிட்டு இருந்துச்சு.

"கடல்ல இதுங்கதானே எம் புள்ள மூஞ்சியத் தின்னுச்சு?" சத்தம் போடல, சாதாரணமாத்தான் கேட்டுச்சு. "அதனாலதானே பெட்டியத் தெறக்கல? இப்ப ஊட்டுக்குள்ளயும் கூட்டியாந்து விடுறீங்களா, மிச்சத்தத் திங்க?"

நிஹால் எழும்பி வெளிய வாசல் இஸ்தோப்புக்குப் போயிட்டான். தூண்ல சாஞ்சுக்கிட்டு அழுதான். ஒன்னத் தண்ணியிலேருந்து தூக்குன ஆளுல்ல அவன். எறால ஒரு வாளியில விட்டு, காத்துக் குழாய மாட்டி வச்சுட்டு, சாயந்தர ரயிலுக்கே போயிட்டான்.

நாலு நாள் அந்த எறால் வாளியிலயே கெடந்துச்சு. தொட்டியில விட எனக்குத் தைரியம் வரல. விட்டா அம்மாவுக்கு நீ ரெண்டாந்தடவ சாவ. விடாட்டி நீ வச்சுட்டுப் போன உசுருங்க சாகும். நீ இருந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?

அஞ்சாம் நாள் காலையில, வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கேன், அம்மா கூப்பிடுது. போய்ப் பாத்தா, கணக்கப்புள்ள பூவுக்கு நடுவுல கெடக்கு. நாலஞ்சு பூவு சேந்து புடிச்சிருக்கு. ஒரு பூவு தலைய உள்ள இழுத்துக்கிட்டு இருக்கு. தொரை சுத்திச் சுத்தி வருது, கிட்டப் போக முடியல.

அம்மா ரொம்ப நேரம் பாத்துச்சு. கையில படையல் நெத்தலி. அத மடியில முடிஞ்சுக்கிட்டு சொல்லிச்சு: "எம் புள்ள எறும்பக்கூட மிதிக்க மாட்டான். தான் வளத்தத திங்கிறவன் எம் புள்ள இல்ல. இது வேற என்னமோ. அந்த எறாலக் கொண்டா."

அம்மாவே கையால விட்டுச்சு. அன்னிக்கு நான் வேலைக்குப் போகல. ரெண்டு பேரும் கீழ பாய் போட்டு உக்காந்துட்டோம். மதியத்துக்கு மேலதான் ஒரு எறால் வெளிய வந்துச்சு. ஒரு சின்னப் பூவுக்கிட்ட நின்னு, காலால இழுத்து இழுத்துப் பாத்து, பிச்சுத் திங்க ஆரம்பிச்சுச்சு. அம்மா என் கையப் புடிச்சுக்கிச்சு.

"வலிச்சிருக்குமாடி?"

எதக் கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். நீயே சொல்லேன்டா, வலிச்சுச்சா?

மூணு வாரத்துல பூவெல்லாம் போயிருச்சு. பச்சப் பவளம் ஓரத்துல துளித்துளியா எழும்புது. நெத்தலி திரும்ப எலைக்குப் போகுது, காக்கா வருது. அம்மா இப்பத் தொட்டியப் பாத்து ஒன்னப் பேரு சொல்லிக் கூப்பிடுறதில்ல. லயத்துல எல்லாரும் "ஒங்கம்மா தெளிஞ்சிருச்சு"ங்கிறாங்க.

தெளியாதது நான்தான் ராசு. இத ஒங்கிட்ட மட்டும் சொல்லலாம்னுதான் எழுத ஒக்காந்தேன். ஊரே கேட்டாலும் கேட்டுட்டுப் போகட்டும்.

எறால் பெரிய பூவத் தொடல. மொதமொத விரிஞ்சுச்சே, ஓட்டைக்குள்ள பூந்து என் சுரண்டிக்கும் தப்புன அந்தப் பூவு. தீனி போடாம விட்டா பசியில அதையும் திங்கும்னு நிஹால் சொன்னான். அன்னிக்கே நான் ஒங் கல்லத் தூக்கி, எறால் கெடந்த வாளியில போட்டு, குளுருக்குச் சூட்டுக் குழாயும் வச்சு, அடுப்படி மூலையில கொழுந்துக்கு இடுப்புல கட்டுற படங்குச் சாக்கால மூடி வச்சிருக்கேன். அம்மாவுக்குத் தெரியாது. தெனமும் காலையில அம்மா மொகம் கழுவப் போற நேரம் பாத்து ரெண்டு நெத்தலி நுணுக்கிப் போடுறேன். அது விரியுது. அம்மா மாதிரியே நானும் "சாப்புட்றா"ங்கிறேன்.

ஏன் தெரியுமா? ஆஸ்பத்திரியில துணிய வெலக்குனாங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். கைய மட்டும்தான் பாத்தேன். மணிக்கட்டுல நம்ம அம்மன் கோயில் செவப்புக் கயிறு. அந்தக் கயிறு திருவிழாவுல தோட்டம் முழுக்கக் கட்டுனது. அத வச்சுத்தான் ஆமான்னேன். நிஹால் பாத்தான், நீதான்னான், அவன் பொய் சொல்ற ஆளு இல்ல. ஆனா நான் பாக்கலயே! அக்கான்னு ஒருத்தி எதுக்குப் போனேன்? பெட்டி மேல கைய வச்சு அம்மா கேட்டப்ப, பாக்காமயே பாத்தேன்னு சொன்னேன். அன்னிலேருந்து கதவு தட்டுனா நீயோன்னு இருக்கு. பஸ்ஸுலேருந்து எறங்குற ஒவ்வொரு முதுகும் நீயாத் தெரியுது. அந்தப் பூவக் கொன்னுட்டா, நீ செத்தது நெசமாயிரும்.

போதும்டா. நாளைக்குக் காலையில பெரட்டுக்கு முன்னால அந்தச் சாக்க எடுத்துடுறேன். அம்மாவக் கூட்டியாந்து ஒக்கார வச்சு, நான் ஒம் மூஞ்சியப் பாக்கலங்கிறத மொதல்ல சொல்லிடுறேன். அடிச்சா வாங்கிக்கிறேன். அப்புறம் கல்லத் தொட்டிக்குள்ள வைக்கிறேன். எறால் வரட்டும். எத்தன நாளானாலும் வரட்டும். ஒனக்குச் சத்தியமாச் சொல்றேன், இந்தத் தடவ மூஞ்சியத் திருப்ப மாட்டேன். கடைசி வரைக்கும் பாக்குறேன்.

ஒன்னப் போகச் சொல்லி அனுப்புன,
ஒன்னப் பாக்காம வந்துட்ட,
ஒன் அக்கா.