உள்பக்கம் மட்டும் நீலம்

இராயபுரம்
10 ஜூன் 2025, செவ்வாய்

அன்புள்ள ஜெபசிங் மாமாவுக்கு,

ஜெஸ்லின் எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் நடப்பதை அப்படியே, ஒன்றையும் மறைக்காமல் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். உங்களிடம் போனில் பேசக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

எண்ணூரில் அப்பா தொடங்கிய மீன் குளிர்கிடங்கு கூரை போடுவதற்கு முன்பே நின்றுவிட்டது. அதற்காக வாங்கிய கடனுக்கு ஈடாக வைத்த எங்கள் வலைக்கடையையும் மாடி வீட்டையும் வங்கி எடுத்துக்கொள்ளப் போகிறதாம். வரும் திங்கட்கிழமை தீர்ப்பாயத்தில் தடை உத்தரவு கிடைத்தால் தப்பிப்போம். அதுவரை யார் தட்டினாலும் திறக்கக்கூடாது என்று அப்பா ஷட்டரை உள்ளே பூட்டிவிட்டார். நான் பள்ளிக்கும் போகவில்லை. காற்றே இல்லை. நைலான் வலையின் வாடை சோற்றிலும் அடிக்கிறது.

பட்டினி இல்லை, பயப்படாதீர்கள். வலைக்கட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் நீலக் கதவு வழியாக, பக்கத்துக் கயிற்றுக்கடை தப்ரேஸ் பாய் இட்லி தருகிறார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. "இன்னாம்மா, உங்க நைனா ஜெயிலு கட்டி அவரே உள்ள குந்திகினு கீறாரு" என்று நேற்று கேலி செய்தார். அப்பாவும் சிரித்துவிட்டார்.

பத்திரங்களைப் பார்த்து, கையெழுத்துப் போடலாம் என்று அன்றைக்குச் சொன்னது நீங்கள்தானே. நீங்களே வந்து எங்களுக்காக வாதாடக் கூடாதா மாமா?

அன்பு மருமகள்,
ஜெஸ்லின்

பாரிமுனை
11 ஜூன்

அன்பு ஜெஸ்லினுக்கு,

உன் கையெழுத்து அழகாகிவிட்டது. வங்கியின் வழக்கை நடத்துவது எங்கள் அலுவலகம்தான். உங்கள் பக்கம் நின்று நான் பேச முடியாது. உன் கடிதத்தைப் படித்துவிட்டேன். இனி படிக்காதவனாக ஆக முடியாது. வீட்டு விஷயம் எதையும் எனக்கு எழுதாதே. பாடத்தைப் பற்றி எழுது.

துணிமணி, நகை, உன் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்து வைக்கும்படி அக்காவிடம் சொல். ஏன் என்று கேட்காதே.

மாமா

ரோசி டீச்சர் வீடு, வண்ணாரப்பேட்டை
14 ஜூன்

மாமாவுக்கு,

நேற்று நீதிமன்றம் நியமித்த ஆணையரும் போலீசும் வந்தார்கள். ஷட்டரைத் தட்டவே இல்லை. நேராகத் தப்ரேஸ் பாய் கடைக்குள் போய் நீலக் கதவு எங்கே என்று கேட்டார்கள். பாய் கடைப் பக்கம் அந்தக் கதவின் மேல் தகரம் அடித்திருக்கிறது. நீலம் எங்கள் பக்கம் மட்டும்தான். போன கிறிஸ்துமஸுக்கு நான் அடித்த பெயிண்ட். "நீல டோரு ஏது சார், நம்ம கடையில எல்லாம் துருதான் கீது" என்று பாய் சொல்லிப் பார்த்தார். தகரத்தைப் பெயர்த்துவிட்டார்கள்.

பை ஏன் தயாராக இருக்கிறது என்று அப்பா அம்மாவைக் கேட்டார். அம்மா உங்கள் பெயரைச் சொன்னாள். கதவைப் பற்றி உங்களுக்கு எழுதியது நான்தான் என்று நானும் சொன்னேன். அப்பா திட்டவில்லை.

"நீ மாமனுக்குத்தான எழுதுன. வக்கீலுக்கா எழுதுன?" என்றார்.

கடை விளக்குகளை எப்போதும் அப்பாதான் அணைப்பார். வேறு யாரையும் கை வைக்க விடமாட்டார். நேற்று முத்திரை வைக்கும் முன் எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். அப்பா பையைச் சுமந்துகொண்டு தெருவில் நின்றார். உள்ளே விளக்குகள் அணைக்கப்பட்டன.

த. ஜெஸ்லின்